மெத்தென்று போவதற்காக இறக்கிய காற்று

சரவணா,

கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். உன்னை விசாரிக்கத் தேவையில்லை. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறாய். குறட்டை நலமாகவே இருக்கிறது. ஒரே வீட்டில் இருப்பவனுக்கு எதற்குக் கடிதம் என்று நீ கேட்கலாம். நேரில் பேசினால் ‘சரிம்மா’ என்பாய். அந்தச் ‘சரிம்மா’வுக்கு ‘பேச்சை நிறுத்து’ என்று பொருள் என்பது எனக்கு உன் பத்தாம் வகுப்பிலிருந்தே தெரியும். கடிதத்தை நடுவில் நிறுத்த முடியாது. மடித்து வைக்கலாம், ஆனால் அது சட்டைப் பையில் முறைத்துக்கொண்டே இருக்கும். அதனால் எழுதுகிறேன். நான் இன்னும் அதிர்ச்சியிலிருந்து வெளியே வரவில்லை. டயர் வெடித்த அதிர்ச்சியைச் சொல்லவில்லை, அது அன்றைக்கே ஒருவாறு அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு நடந்தவைதான் அடங்க மறுக்கின்றன.

கலைவாணியின் வளைகாப்பு அன்று காலையில் நான் வாசலுக்கு வந்தபோது நீ காரின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாய். ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வந்தது. முதலில் பாம்பு என்று நினைத்தேன். டயரின் வாயில் ஒரு ஆணியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாய். “இன்னாடா பண்ற?” என்றேன். “கொஞ்சம் காத்து எறக்கறேம்மா. கலைக்கு வண்டி தூக்கித் தூக்கிப் போடுதாம். காத்து கம்மியா வெச்சா மெத்து மெத்துனு போவும்.” “எவ்ளோ எறக்கணும்னு தெரியுமா?” என்றேன். நீ சிரித்துக்கொண்டே கட்டைவிரலை எனக்குக் காட்டினாய். பிறகு அதே விரலால் டயரின் பக்கவாட்டை அழுத்திப் பார்த்தாய், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு. “இப்போ இருக்கு பாரு. சாஃப்ட்டு!” என்றாய். ஒரு மாதமாகவே அவள் ஏறும்போதெல்லாம் இப்படித்தான் செய்கிறாய் என்றும் சொன்னாய். எனக்குப் பெருமையாக இருந்தது. மனைவி குலுங்கக் கூடாது என்று தரையில் குந்தியிருக்கும் ஆண்பிள்ளையை இந்தத் தெருவில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

உன் கட்டைவிரலை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆம்பூரில் அந்த விரலுக்குத் தனி மரியாதை உண்டு. பதப்படுத்தி வந்த தோலை மேசைமேல் விரித்து, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டி, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று நீ ஒதுக்குவதை உன் கம்பெனிக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் வாய் பிளந்து பார்த்ததாக உன் அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். தோலில் சாஃப்ட் என்பதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. கை வைத்தால் குழைய வேண்டும், மடித்தால் மடிய வேண்டும், விட்டால் மெல்ல எழ வேண்டும். இத்தனை வருடம் அந்த ஒரு சொல்லுக்காகவே உழைத்த விரல் டயரைத் தொட்டதும் அங்கேயும் அதையே தேடியிருக்கிறது. பாவம், விரலைச் சொல்லி என்ன பயன்? டயர் பதப்படுத்திய ஆடு அல்ல என்பதை அதற்கு யாரும் தெரிவிக்கவில்லை.

வளைகாப்பு முடிந்து கலையைத் தாய்வீட்டில் விடப் புறப்பட்டது நினைவிருக்கிறதா? உன் அப்பா வாடகைப் பாத்திரங்களை ஒப்படைக்க வீட்டிலேயே நின்றுவிட்டார். முன் சீட்டில் என் அக்கா, அதாவது உன் பெரியம்மா. அவள் உட்கார்ந்ததும் கார் ஒரு பக்கம் தலை வணங்கியது. பின்னால் நடுவில் கலை, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் திருப்பத்தூர் சம்பந்தியம்மா. டிக்கியில் புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தேங்காய்ச்சோறு என்று ஒரு கல்யாணத்துக்கான சோறு, பழத்தட்டுகள், பித்தளைக் குடம். பெரியம்மா இறங்கி வந்து, எந்தச் சக்கரமும் விட்டுப்போகாமல் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். ஒன்று அழுகல் என்று மாற்றக்கூடச் செய்தாள். டயருக்கு வெளியே இருந்த பழத்தை அத்தனை கவனமாகச் சோதித்தோம். டயருக்கு உள்ளே இருந்ததைச் சோதித்தது உன் விரல் மட்டும்தான்.

கார் மெத்தென்றுதான் போனது. நெடுஞ்சாலையில் ஏறியபோது தொட்டிலில் போவதுபோல இருந்தது என்று சம்பந்தியம்மா சொன்னாள். வெயில் தார் ரோட்டின்மேல் தண்ணீர்போல ஓடிக்கொண்டிருந்தது. வாணியம்பாடிக்குச் சற்று முன்னால் அது வெடித்தது. குண்டு என்றுதான் நினைத்தேன். காரின் பின்பக்கம் எங்களை விட்டுவிட்டுத் தனியாக வேறு ஊருக்குப் போகப் பார்த்தது. சாலையின் நடுத்திட்டிலிருந்த அரளிச்செடிகள் கண்ணாடி முழுக்க வந்தன, பிறகு வானம் வந்தது, பிறகு பின்னால் வந்துகொண்டிருந்த லாரி எங்களுக்கு முன்னால் வந்தது. அது ஹாரனை அழுத்தியபடியே எங்களைத் தொடாமல் போனது. நாம் ஓரத்தில், வந்த திசையைப் பார்த்தபடி நின்றோம். ஒரு சத்தமும் இல்லாத அந்தச் சிறு நேரத்தில், கண்ணாடி வளையல்கள் ஒவ்வொன்றாக உடைந்து சீட்டில் விழும் ஒலி மட்டும் கேட்டது. கலை முன் சீட்டின் கம்பியைப் பிடித்திருந்தாள். மணிக்கட்டில் ரத்தம். அதை அவள் பார்க்கவில்லை. வயிற்றின்மேல் மற்றொரு கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “அத்தை, அசையல” என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு மருத்துவமனை வரைக்கும் நடந்தது எதுவும் எனக்கு வரிசையாக ஞாபகம் இல்லை. ஒரு ஷேர் ஆட்டோக்காரர் இருந்தவர்களை இறக்கிவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டார். நீ வண்டியோடு நின்றாய். ஸ்கேன் செய்த டாக்டரம்மா கருவியை இப்படியும் அப்படியும் நகர்த்திவிட்டு, “நல்லாத்தான்மா இருக்கு. தூங்குது” என்றார். எங்கள் எல்லோர் உயிரையும் தொண்டைக்குக் கொண்டுவந்துவிட்டு அது தூங்கிக்கொண்டிருக்கிறது. உன் பிள்ளைதான், சந்தேகமே இல்லை. நான் சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை, நர்ஸ் தண்ணீர் கொடுத்தாள். கலையும் அவள் அம்மாவும் வேறு கார் பிடித்துத் திருப்பத்தூருக்குப் போனார்கள். நானும் பெரியம்மாவும் உன்னிடம் வந்தோம். ஸ்டெப்னியை எடுத்தால் அதிலும் காற்று இல்லை என்று நீ நின்றுகொண்டிருந்தாய். அதையும் உன் விரல் சாஃப்ட் என்று பாஸ் செய்திருக்கும்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. டயர் கடையில் பாய் அந்தக் கிழிந்த டயரைத் தூக்கி, ரோட்டைத் தொடும் பட்டன் வரிகளைத் தடவிப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகத்தான் கேட்டார்: “காத்து கம்மில ஓட்னீங்களா? பட்டன் நடுவுல அப்டியே இருக்கு, ரெண்டு ஓரமும் தேஞ்சிருக்கு.” அந்த இடத்தில் ‘ஆமாம் பாய்’ என்று நீ சொல்லியிருந்தால் அவர் இரண்டு திட்டு திட்டியிருப்பார், புது டயர் மாட்டியிருப்பார், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நீ நிமிர்ந்து பார்க்காமல், “இல்ல பாய், கரெக்டாதான் இருந்துச்சு. டயரே டூப்ளிகேட் போல” என்றாய். நான் உன் முகத்தைப் பார்த்தேன். காலையில் கட்டைவிரலைக் காட்டிச் சிரித்த அதே முகம். லாரி எதிரே வந்தபோதுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை.

நீ பயத்தில் சொன்னாய் என்று தெரியும். ஆனால் பொய் ஒரு இடத்தில் நிற்காது, அதற்கும் சக்கரம் உண்டு. பெரியம்மா அதை உடனே எடுத்துக்கொண்டாள். “பாத்தியாடி? காத்து கரெக்ட்டு. ஓட்டுறவனும் சரியாத்தான் ஓட்டுனான். அப்பறமும் வெடிக்குதுன்னா இன்னா அர்த்தம்? கண்ணுடி, கண்ணு!” என்றாள். தர்க்கத்தில் குற்றம் சொல்ல முடியவில்லை. காற்று சரியாக இருந்தால் வேறு ஏதோ ஒன்று தவறாக இருந்தே ஆக வேண்டும். முப்பது வருடம் சரித்திரப் பாடம் நடத்தியவள் நான். தோற்றுப்போன படைகள் மழையையும் சகுனத்தையும் யானையையும் குறை சொல்லிவிட்டுக் கடைசியில்தான் தளபதியைத் திரும்பிப் பார்க்கும். நம் வீட்டில் கடைசிவரைக்கும் பார்க்கவில்லை. அந்த வாரத்துக்குள் கண் என்பது ‘யாரோ ஒருத்தர் கண்’ ஆகி, ‘ஏழாம் மாசத்துல வளையல் உடைஞ்சிது’ ஆகி, அடுத்த வாரம் “அந்தப் பொண்ணு ஏறுனதுல இருந்தே வண்டிக்கு நேரம் செரியில்ல” என்று வந்து நின்றது. போன் போட்டுச் சம்பந்தியம்மாவிடமும் சொல்லியிருக்கிறாள். பரிகாரம் செய்யும்வரை பெண் அந்தக் காரில் ஏற வேண்டாமாம். பெரியம்மா இதையெல்லாம் நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொன்னபோது நீ பக்கத்தில்தான் இருந்தாய். செல்போனை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தாய். நீ ஒரு வார்த்தை சொல்வாய் என்று நான் காப்பியை ஆறவைத்துக்கொண்டு காத்திருந்தேன். காப்பிதான் ஆறியது.

காரின் ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு சிறிய தாள் ஒட்டியிருக்கிறது. மறுநாள் கண்ணாடி போட்டுக்கொண்டு போய்ப் படித்தேன். இரண்டு பேர் போனால் எவ்வளவு காற்று, வண்டி நிறைய ஆட்களும் சாமானும் ஏற்றினால் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். ஆள் கூடினால் காற்றையும் கூட்ட வேண்டுமாம். நாம் ஆளையும் சோற்றையும் கூட்டிவிட்டுக் காற்றைக் குறைத்திருக்கிறோம். காற்று குறைந்தால் டயரின் பக்கவாட்டுச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிர்கிறது. அந்த மடிப்பில் சூடு ஏறுகிறது. உள்ளே இருக்கும் நூலும் கம்பியும் தளர்கின்றன. ஒரு மாதமாக நீ மெத்தென்று ஓட்டிய ஓட்டத்திலேயே அது உள்ளுக்குள் நைந்திருக்கிறது. வெயிலும் வேகமும் பாரமும் சேர்ந்த அன்று கிழிந்தது. இந்தக் காலத்து டயர் காற்று குறைந்தாலும் பார்வைக்கு அப்படியேதான் இருக்குமாம். கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. ஓடாமல் ஆறியிருக்கும்போது மீட்டர் வைத்துப் பார்த்தால் மட்டும் தெரியும். தோலின் தடிமனை அளக்க உங்கள் கம்பெனியிலேயே கருவி இருக்கிறது, விரலை நம்பி யாரும் கப்பலில் ஏற்றுவதில்லை என்று நீதானே எனக்குச் சொன்னாய்? சரக்குக்குக் கருவி, மனைவிக்கு விரல்.

இதைப் படித்துவிட்டு ‘அதான் இப்போ நெறைய அடிச்சிருக்கேனேம்மா’ என்பாய். அது எனக்கு அடுத்த அதிர்ச்சி. போன வாரம் மழை தூறியபோது பஜாருக்கு என்னை ஏற்றிக்கொண்டு போனாய். ஒவ்வொரு சிறு பள்ளத்திலும் என் பல்செட் இடம் மாறியது. பஸ் ஸ்டாண்டு திருப்பத்தில் ஒரு மாடு குறுக்கே வர, நீ பிரேக்கை மிதித்தாய். கார் நிற்கவில்லை. தன்பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போய், மாட்டின் வால் கண்ணாடியில் படும் தூரத்தில் யோசித்து நின்றது. மாடு நகரவில்லை. ‘என்ன விஷயம்’ என்பதுபோல் திரும்பிப் பார்த்தது. நீ இறங்கி, மாட்டையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல், டயரைக் கட்டைவிரலால் அழுத்தினாய். “கல்லு மாதிரி இருக்கும்மா. இனிமே வெடிக்கறதுன்ற பேச்சே இல்ல. கம்மியே கெடையாது, ஜாஸ்திதான்!” என்றாய். அளவுக்கு மேல் அடித்த டயர் நடுவில் உப்பிக்கொண்டு, ரோட்டைக் கொஞ்சமாகத்தான் தொடுகிறது, பிடிப்பு போய்விடுகிறது, பள்ளத்தில் இறங்கினால் அடியைத் தாங்காமல் அதுவும் கிழியும். நம் ஊரில் கம்மி இருக்கிறது, ஜாஸ்தி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பதைப் பக்கத்து வீட்டில்கூட நாம் இரவல் கேட்டதில்லை.

நேற்று நான் திருப்பத்தூர் போய் வந்தேன். அதை உன்னிடம் சொல்லவில்லை. சந்தையில் புளி வாங்கப் போனதாக நினைத்தாய், புளியும் வாங்கினேன். கலை உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். தெருவில் ஏதோ காரின் கதவை யாரோ அறைந்து சாத்தினார்கள். அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், பிறகு நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்து கையை எடுத்துப் புடவையைச் சரிசெய்தாள். பிரசவத்துக்கு வேலூர் ஆஸ்பத்திரிக்கு நீதான் கார் கொண்டுவருவாய் என்று பேச்செடுத்தேன். “வேணாம் அத்தை. ஆட்டோ வெச்சிக்கிறோம்” என்றாள். அவ்வளவு தூரம் ஆட்டோவிலா என்றேன். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “எல்லாம் என்னாலதான். நாந்தான் வண்டி குலுங்குது, குலுங்குதுன்னு சொல்லிட்டே இருந்தேன். அதனாலதான் அவரு காத்த எறக்குனாரு. எறக்கும்போது ஜன்னல்ல இருந்து பாத்தேன் அத்தை, சிரிச்சிட்டே எறக்குனாரு. பெரியம்மா எங்கம்மாகிட்ட சொன்னது செரிதான். நான் ஏறாம இருந்திருந்தா வெடிச்சிருக்காது.”

நீ யாரிடம் மறைத்தாயோ அவளுக்கு அது முதலிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டு, உன்னைக் காட்டிக்கொடுக்காமல், பழியைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். அளவு தெரியாமல் இறக்கியது அவர் என்று ஒரு தடவைகூட அவள் வாயில் வரவில்லை. ‘குலுங்குது’ என்று சொன்னது தன் குற்றம் என்றே வருகிறது.

அதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கமாட்டேன். கிளம்பும்போது அவள் காலைப் பார்த்தேன். இரண்டு பாதமும் வீங்கி, மெட்டி விரலுக்குள் புதைந்திருந்தது. “இது எத்தன நாளா இருக்கு?” என்றேன். “கொஞ்ச நாளா இருக்கு.” “தலவலி?” “அப்பப்போ.” “உங்கம்மாகிட்ட சொன்னியா?” தலையசைத்தாள், இல்லை என்று. “ஏன்டி சொல்லல?” என்று கத்திவிட்டேன். அவள் நிதானமாக, கணக்குப் பாடத்துக்கு விடை சொல்வதுபோல் சொன்னாள்: “நான் ஒண்ணு சொன்னா எதுனா ஆயிடுது அத்தை. இனிமே எதுவும் சொல்றதில்லன்னு இருக்கேன்.”

சரவணா, வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற பெண் வலித்தால் வலிக்கிறது என்று சொல்ல வேண்டும். அவள் அதை நிறுத்திவிட்டாள். உடனே அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதாம், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், வாராவாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள், தலைவலியோ கண் மங்கலோ வந்தால் அந்த நிமிடமே சொல்ல வேண்டும் என்றார்கள். டாக்டர் ‘சொல்லணும்மா’ என்றபோது அவள் தலையாட்டினாள். உன் ‘சரிம்மா’ மாதிரியே ஆட்டினாள். அவள் அம்மாவாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது. அவள் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று அவள் ஒருத்தியால்தான் சொல்ல முடியும். அவள் வாயைத் திறக்க வைக்கிற வேலை மாத்திரைக்குத் தெரியாது. உன்னால் மட்டும்தான் முடியும், அதுவும் ஒரே ஒரு வழியில்.

போய்ச் சொல். நீ குலுங்குகிறது என்று சொன்னது சரி, நான் எவ்வளவு இறக்கலாம் என்று தெரியாமல் இறக்கியது தப்பு, அதைக் கடையில் மறைத்தது அதைவிடத் தப்பு என்று சொல். அவள் அம்மா கேட்கும்படி சொல். பெரியம்மாவுக்கு அங்கிருந்தே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து மறுபடி சொல். அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள், ‘டேய், கண்ணு பட்டதாலதான்டா உனக்கே காத்த எறக்கணும்னு தோணிச்சி’ என்பாள். சொல்லட்டும். கலையின் காதில் உன் குரல் விழுந்தால் போதும். அதன்பின் அவளிடம் கால் எப்படி இருக்கிறது, தலை வலிக்கிறதா என்று கேள். கேட்டுவிட்டு, அவள் பேசும்வரை சும்மா உட்கார். எனக்குப் பதில் எழுத வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம், என்மேல் எந்தச் சக்கரமும் ஏறவில்லை.

நாளைக்குக் கம்பெனிக்கு லீவு சொல்லிவிடு. காரை எடுக்காதே. அதைச் சரிசெய்வது பிறகு ஆகட்டும். காரின் கதவுச் சத்தம் கேட்டாலே அவள் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். விடிந்ததும் வாணியம்பாடி வழியாகத் திருப்பத்தூருக்கு பஸ் இருக்கிறது. குலுங்கும். பரவாயில்லை, பஸ்ஸில் போ.

அம்மா